மூச்சு வாங்கும் பொது அறிவு

மலையேறும்போது மூச்சு வாங்குவதை மறைக்க எனக்குப் பல வழிகள் தெரியும். ஷூ லேஸ் அவிழ்ந்துவிட்டதாகக் குனிவது பாலபாடம். போட்டோ எடுப்பது அதற்கு அடுத்த வகுப்பு. ஏதோ பறவைச் சத்தம் கேட்ட பாவனையில் உதட்டில் விரலை வைத்து எல்லாரையும் நிறுத்துவது முதுகலை. இதையெல்லாம் தாண்டி நானே சொந்தமாகக் கண்டுபிடித்தது ஒன்று உண்டு: விளக்கம் சொல்வது. ஏற்றம் செங்குத்தாகும் இடத்தில் சட்டென்று நின்று, ஒரு மரத்தைக் கைகாட்டி, அதன் ஜாதகத்தை ஆரம்பித்துவிடுவேன். கேட்கிறவர்கள் மரியாதைக்காவது நிற்பார்கள்.

இந்த வித்தை பின்ஸரில் அம்பலமானது.

உத்தராகண்டில், அல்மோராவிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் இருக்கிறது பின்ஸர் வனவிலங்குச் சரணாலயம். அதன் உச்சியை ஜீரோ பாயின்ட் என்கிறார்கள். உயரம் சுமார் 2,400 மீட்டர். ஊட்டியைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். வானம் தெளிவாக இருந்தால் கேதார்நாத் சிகரத்திலிருந்து பஞ்சசூலி வரை பனிமலைகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்க்கலாம். மேலே விருந்தினர் மாளிகை வரைக்கும் கார் போகும். அங்கிருந்து பொடிநடையாகப் போய்விடலாம். அதை "வயசானவங்க வழி" என்று ஒதுக்கியது நான்தான். கீழே நாங்கள் தங்கியிருந்த கிராமத்திலிருந்தே பைன் காட்டு வழியாக நடப்போம், சுலபமான ஏற்றம்தான் என்று சொன்னவனும் நான்தான். கூட வந்தவர்கள் என் மனைவியும், தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் அக்காவும். வழிகாட்ட உள்ளூர்ப் பையன் ஒருவன். கிளம்பும்போது வீட்டுக்காரம்மா ஆளுக்கொரு கம்பு நீட்டினார். பெண்கள் இருவரும் வாங்கிக்கொண்டார்கள். நான் சிரித்தபடி கையை ஆட்டி மறுத்துவிட்டேன்.

நடை தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே முதல் உரை நிகழ்ந்தது. சரணாலய எல்லைக்கு வெளியே ஒரு பைன் மரத்தில் பட்டையைச் செதுக்கி, கீழே கிண்ணம் கட்டியிருந்தார்கள். கிண்ணத்தில் வெளுத்துக் கெட்டியான பிசின். அதில் ஓர் எறும்பு சிக்கியிருந்தது. "இதுக்கு இங்கே லீசான்னு பேரு. காய்ச்சி வடிச்சா டர்பன்டைன் எண்ணெய். மிச்சம் நிக்கிறது ரோசின், வயலின் வில்லுல தேய்ப்பாங்களே..." என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். 

"சரிடா, நடக்கலாமா?" என்றாள் அக்கா.

அடுத்த உரையை உட்கார்ந்தபடி ஆற்ற வேண்டியதாயிற்று. பைன் காட்டின் தரையில் மண்ணே தெரியாது. உதிர்ந்த ஊசியிலைகள் பழுப்பு மெத்தையாகக் கிடக்கும். குமாவோனில் அதைப் பிரூல் என்கிறார்கள். காய்ந்த பிரூல் மேல் புது ஷூ பட்டால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இறக்கத்தில் வழுக்கினால் ஒரு நியாயம் உண்டு. நான் ஏற்றத்தில் வழுக்கினேன். முன்னால் வைத்த கால் பின்னால் போக, பொத்தென்று உட்கார்ந்து, உட்கார்ந்த நிலையிலேயே இரண்டு கஜம் கீழே போனேன். எழ முயன்றால் மறுபடி சறுக்கும் என்று தோன்றியதால் கையருகே கிடந்ததைப் பொறுக்கி உயர்த்திக் காட்டினேன். "பாத்தீங்களா, மூணு மூணு ஊசியா ஒரே காம்புல சேர்ந்திருக்கு. சீர் பைனுக்கு இதுதான் அடையாளம்." பையன் ஒன்றும் பேசாமல் கீழே கிடந்த ஒரு கிளையை எடுத்து, சுள்ளிகளை ஒடித்துவிட்டு என் கையில் கொடுத்தான். வீட்டுக்காரம்மா நீட்டிய கம்பு இதைவிட வழவழப்பாக இருந்தது.

அதன் பிறகு திருப்பத்துக்குத் திருப்பம் அறிவு பொங்கியது. இந்த மரத்தின் தாவரவியல் பெயரில் இருக்கும் ராக்ஸ்பர்க், மதராஸில் கும்பெனி மருத்துவராக இருந்தவர் என்றேன். அதன் தடித்த பட்டை தீயைத் தாங்கும் என்றேன். ஆங்கிலேய அரசு காடுகளை வளைத்துப் போட்டுக் கெடுபிடி செய்ததில் கொதித்துப்போன குமாவோன் மக்கள், 1921 கோடையில் இப்படிப்பட்ட பைன் காடுகளுக்குத்தான் தீ வைத்தார்கள் என்றும் சொன்னேன். கடைசிச் செய்தியை நல்ல செங்குத்தான இடத்துக்காகவே சேமித்து வைத்திருந்தேன்.

மனைவி கம்பை ஊன்றி நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏங்க, சமதரையில நடக்கும்போது உங்களுக்கு ஒரு விஷயமும் ஞாபகம் வரமாட்டேங்குதே, ஏன்?" என்றாள்.

அக்கா சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்து ஏதோ பறவை பறந்தது. இந்த முறை நிஜமாகவே.

பைன் முடிந்து பாஞ்ச் எனப்படும் ஓக் மரங்கள் தொடங்கியபோது என் சரக்கும் தீர்ந்துவிட்டது. பைனைப் பற்றித்தான் முந்தின இரவு படித்து வைத்திருந்தேன். ஓக் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. வேறு வழியில்லாமல் ராக்ஸ்பர்க்கை மறுபடி எடுத்தேன். "அவர் மதராஸ் டாக்டர், சொல்லிட்டே" என்று அக்கா முடித்துவிட்டாள்.

அப்போது பையன் பேச ஆரம்பித்தான். 2024 ஜூனில் இந்தச் சரணாலயத்தில் காட்டுத்தீ பிடித்ததையும், அணைக்கப் போன வனத்துறை ஊழியர்கள் அதில் சிக்கி இறந்ததையும் சொன்னான். ஏப்ரல், மே வந்தால் பிரூல் எப்படிக் காய்ந்து கிடக்கும், ஒரு பீடித்துண்டு போதும், காற்று இருந்தால் நெருப்பு எந்தப் பக்கம் திரும்பும் என்றெல்லாம் சொன்னான். நிற்கவே இல்லை. ஏறிக்கொண்டே சொன்னான். நானும் வாயை மூடிக்கொண்டு ஏறினேன்.

ஜீரோ பாயின்ட்டில் ஒரு காட்சி கோபுரம் இருக்கிறது. படிகளைப் பார்த்ததும், "நான் பையைப் பார்த்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்க" என்றேன். சுற்றிலும் மரம்; கீழேயிருந்து ஒன்றும் தெரியாது. மேலேயிருந்து மனைவியின் "ஐயோ!" கேட்டது. அது விழுந்த ஐயோ அல்ல, வியந்த ஐயோ என்று புரிந்தபோது பையை அங்கேயே விட்டுவிட்டு ஏறினேன்.

நவம்பர் வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. நேர் எதிரே, எல்லாவற்றையும்விடப் பெரிதாக, அகன்ற தோளோடு ஒரு மலை. "நந்தா தேவி! 7,816 மீட்டர்! முழுசா இந்தியாவுக்குள்ளேயே இருக்கிற சிகரங்கள்ல இதுதான் உசரம்!" என்றேன். மேலே சிக்னல் கிடைத்தது. படமெடுத்து, பெயரும் உயரமும் போட்டு, குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன்.

பக்கத்தில் குரங்குக் குல்லா போட்ட வயதான வங்காளி ஒருவர் நின்றிருந்தார். நான் அனுப்பி முடிக்கும்வரை பொறுத்திருந்து, ஆங்கிலத்தில் மிகவும் பணிவாகச் சொன்னார்: அது திரிசூல். நமக்குக் கிட்டே இருப்பதால் பெரிதாகத் தெரிகிறது. நந்தா தேவி வலப்பக்கம், பின்னால் தள்ளி நிற்கும் அந்தக் கூர்முனை. பிறகு இடமிருந்து வலமாகச் சௌகம்பா, திரிசூல், மிருகதூனி, நந்தா தேவி, நந்தா கோட், பஞ்சசூலி என்று விரலால் கோடிழுத்துக்கொண்டே போனார். திரிசூல் 7,120 மீட்டர் என்றும், டாம் லாங்ஸ்டாஃப் 1907-லேயே அதில் ஏறிவிட்டார் என்றும் சேர்த்துச் சொன்னார். அவரும் மருத்துவர்தானாம். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

செய்தியை அழித்துவிட்டுச் சரியான பெயரைப் போட்டிருக்கலாம். அதற்குள் குழுவில் கைதட்டலும் கும்பிடும் குவிந்துவிட்டன. "இந்த வயசுல நந்தா தேவியா!" என்று சித்தப்பா உருகியிருந்தார். நான் நந்தா தேவியைப் பார்த்தேனா, ஏறினேனா என்பதில் அவருக்குக் கொஞ்சம் குழப்பம் இருந்ததாகத் தெரிகிறது. அதையும் நான் தெளிவுபடுத்தவில்லை.

பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போனபோது அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டு, சட்டம் அடித்து, ஹாலில் மாட்டியிருந்தார். அடியில் 'நந்தா தேவி, 7,816 மீ.' என்று தங்க எழுத்தில். பக்கத்து வீட்டுக்காரரிடம், "இவன்தான்" என்று என்னைக் காட்டினார். காபி வந்தது. மனைவி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சர்க்கரை போதுமா என்று கேட்டேன்.