பெரியப்பா வருகிறார், ஓடுங்கள்!

திண்டுக்கல் மலைக்கோட்டைக்காக நாயக்கர், ஐதர் அலி, திப்பு, வெள்ளைக்காரன் என்று வரிசையாக அடித்துக்கொண்ட கதையைப் பாடப்புத்தகத்தில் படித்தாயிற்று. அதே சீமையில், சித்தையன்கோட்டையின் ஒரு தலைமுறையே நாலைந்து முறை மூட்டை கட்டிக்கொண்டு ஓடியதை மட்டும் யாரும் எழுதவில்லை. ஓடியவர்கள் வீட்டுத் திண்ணையை விட்டு நகரவே இல்லை என்பதால் இருக்கலாம். எதிரி யார் என்பதில் சரித்திர ஆசிரியர்களுக்குள் சண்டையே கிடையாது. பெரியப்பா.

முதல் குடியேற்றம் ஆர்குட் என்ற சமூக வலைத்தளம். 2004 ஜனவரியில், கூகுளில் வேலை பார்த்த துருக்கிக்காரர் ஒருவர் மளிகைக்கடைக்கு வைப்பதுபோல் தன் பேரையே வைத்துத் திறந்தார். பிரேசில்காரர்களும் நாமும் போய்க் குவிந்தோம். செம்பட்டி வழியாக பஸ் பிடித்து, திண்டுக்கல்லில் பிரவுசிங் சென்டர் தடுப்புக்குள் உட்கார்ந்தால் சொர்க்கம். ஸ்க்ராப் எழுதுவோம், ஒருவருக்கு எழுதியதை ஊரே படிக்கும். நம்மை உத்தமன் என்று டெஸ்டிமோனியல் எழுத வேண்டுமானால் நண்பனுக்குப் பரோட்டா செலவு உண்டு. மனுஷனை ஐஸ்கட்டி, இதயம், சிரித்த முகம் என மூன்றே படியால் அளந்தார்கள். யார் யார் நம் பக்கத்தை எட்டிப் பார்த்தார்கள் என்று காட்டிக்கொடுக்கும் வசதி வந்ததும் பல காதல்கள் வெளிச்சத்துக்கு வந்தன. சில அங்கேயே மாண்டன. இத்தனையும் சொர்க்கமாக இருந்ததற்கு ஒரே காரணம், பெரியப்பாவுக்கு மவுஸ் பிடிக்கத் தெரியாது.

அடுத்துக் குடியேறிய பேஸ்புக் அப்படியல்ல. கல்யாண மண்டபத்து வாசலில் பன்னீர் தெளிக்க நிறுத்திவைத்த மாதிரி, வருகிற எல்லோரையும் பார்த்துச் சிரித்தாக வேண்டும். 2016 பிப்ரவரி வரை அங்கே லைக் ஒன்றுதான். சிரிப்பு, அழுகை, கோபமெல்லாம் அப்புறம் வந்தவை. ஆகவே கண்ணீர் அஞ்சலிக்கும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினோம். ஒருநாள் ஆத்தூர் காமராஜர் அணையில் நாலு பேர் நின்ற போட்டோவுக்குக் கீழே பெரியப்பா எழுதினார்: “தம்பி, இன்னைக்கு காலேஜ் இல்லையா?” பேரரசு சரிய அந்த ஒரு கமெண்ட் போதுமாயிருந்தது. 2014 செப்டம்பர் 30-இல் ஆர்குட்டையும் மூடிவிட்டதால், திரும்பிப் போகவும் வழியில்லை.

சிலர் ட்விட்டருக்கு ஓடினார்கள். அப்போது அங்கே 140 எழுத்துக்குள் அடங்க வேண்டியிருந்தது. தமிழில் புள்ளிக்கும் கொம்புக்கும் தனிக் கணக்கு என்பதால் வாக்கியம் பாதியில் முறியும். பெரியப்பா அங்கே வரவில்லை. ஆனால் அஜித், விஜய் ரசிகர்கள் வந்தார்கள். பெரியப்பாவே தேவலை என்று பட்டது.

2016 செப்டம்பரில் ஜியோ இலவசமாக டேட்டாவை இறைத்தது. வாட்ஸ்அப்பில் ‘நம் குடும்பம்’ உதயமானது. காலை ஐந்து மணிக்கு ரோஜாப்பூவோடு வணக்கம். நீல டிக் விழுந்தும் பதில் போடாதவன் மரியாதை தெரியாதவன். ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே மூச்சில் தள்ள முடியாதபடி 2018-இல் இந்தியாவில் கட்டுப்பாடு வந்தது. பெரியப்பா அசரவில்லை, ஐந்தைந்தாகப் பிரித்து அனுப்பினார்.

இந்தச் சரித்திரத்தில் சமரச ஆட்சி என்றால் டிக்டாக்தான். டைப் அடிக்க வேண்டாம், இங்கிலீஷ் வேண்டாம், வரப்பில் நின்று வாயசைத்தால் போதும். எம்.ஜி.ஆர். பாட்டுக்குப் பெரியப்பாவும், அவரோடு டூயட்டில் பேரனும் ஆடினார்கள். 2019 ஏப்ரல் 3-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதன் டவுன்லோடைத் தடுக்கச் சொன்னது. அதே மாதம் 24-ஆம் தேதி தடையை விலக்கியது. அடுத்த அடி டெல்லியிலிருந்து. 2020 ஜூன் 29-இல் டிக்டாக் உட்பட 59 செயலிகள் காலி. பெரியப்பாவின் கை படாமலே கவிழ்ந்த ராஜ்யம் அது. பத்து நாளுக்குள் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் கடையை விரித்தது. அதே ஆட்டம்தான், ஆனால் இங்கே தோலைப் பளபளப்பாக்கிவிட்டுத்தான் ஆட வேண்டும். வயல் சேறுகூட ஃபில்டர் போட்டு அழகாகத் தெரிய வேண்டும் என்பது எனக்குச் சரிப்படவில்லை.

2025 செப்டம்பரில் ஜோஹோவின் ‘அரட்டை’ செயலிக்கு ஜனம் பாய்ந்தது. நாளைக்கு மூவாயிரமாக இருந்த பதிவு மூன்றரை லட்சமானது என்றார் ஜோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு. இளசுகள் வழக்கம்போல் மூட்டையைக் கட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது: சேரச் சொல்லி வந்த லிங்க்கே பெரியப்பா அனுப்பியது.

ஆள் நடமாட்டமில்லாத புது இடம் ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள். தயவுசெய்து குடும்பக் குழுவில் மட்டும் போடாதீர்கள்.