கேக்கு, கேக்கலை

1990களில் நான் காது சோதிக்கும் வேலைக்கு வந்தபோது ஸ்ரீவைகுண்டத்தில் ஒருவருக்கும் காது மந்தம் கிடையாது. எதிராளிதான் முணுமுணுவென்று பேசுவார். மகன் இழுத்து வந்த பெரியவர் ஹெட்ஃபோனை மாட்டியதும் என் விரலையே பார்ப்பார். அது பொத்தானில் அசைந்தால் கையைத் தூக்கிவிடுவார். நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். "மூஞ்சியக் காட்டாம பேசுனா எப்படி கேக்கும்?" என்றார் ஒருவர். வேறு சோதனையே தேவைப்படவில்லை.

வெளிச்சத்தம் வராமலிருக்க அன்று சுவரெல்லாம் சாக்கு. 1000 ஹெர்ட்ஸில் ஆரம்பித்து, கேட்டால் 10 டெசிபல் இறக்கி, கேட்காவிட்டால் 5 ஏற்றிக் கொண்டிருப்பேன். திருச்செந்தூர் ரயில் கூவினால் எல்லாம் நிற்கும்.

இப்போது சத்தம் புகாத அறை. ஊரில் பலருக்கும் காது கேட்பதில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி இரண்டு காதிலும் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் சான்றிதழ். "50தான் வருது" என்றால் முகம் வாடிவிடுகிறது. வராந்தாவில் மெல்லக் கூப்பிட்டதும் எழுந்து வந்தவருக்கு உள்ளே இடி விழுந்தாலும் கேட்காது. அவர்களுக்கென்றே பெரா இருக்கிறது: தலையில் ஒயரை ஒட்டினால் மூளையே பதில் சொல்லிவிடும், கையைத் தூக்க வேண்டியதில்லை.

குழந்தைகள் விஷயம் வேறு. அன்று முதுகுக்குப் பின்னால் கிலுகிலுப்பை ஆட்டுவேன். திரும்பாவிட்டாலும் ஆச்சிமார் அசரமாட்டார்கள். குமரகுருபரர் இந்த ஊர்க்காரர். ஐந்து வயது வரை பேசாதவர், திருச்செந்தூர் முருகன் சந்நிதியில் கந்தர் கலிவெண்பாவே பாடினார் என்பார்கள். ஆற்றோடு கொஞ்சம் கீழே போனால் ஆழ்வார்திருநகரி. நம்மாழ்வார் அங்கே 16 வயது வரை புளியமரத்தடியில் வாய் திறக்கவில்லையாம். இப்படி இரண்டு சாட்சி வைத்திருப்பவர்களிடம் கிலுகிலுப்பையோடு போய் என்ன வாதாட?

இன்று பெயர் வைக்கும் முன்பே சோதனை. தூங்கும் பிள்ளையின் காதில் சின்னக் குமிழை வைத்தால் உட்செவி எதிரொலிக்கிறதா என்று கருவி காட்டிவிடும். 1 மாதத்துக்குள் இது, 3 மாதத்துக்குள் பெரா, 6 மாதத்துக்குள் காது மெஷின். அதிலும் பலனில்லை என்றால் முதலமைச்சர் காப்பீட்டில் காக்ளியர் அறுவை சிகிச்சை உண்டு, 6 வயதுக்குள். முருகன் எடுத்துக்கொண்டதைவிட அரசாங்கம் ஒரு வருஷம்தான் கூடத் தருகிறது. அதையும் முழுசாகக் காத்திருந்து வாங்கினால் பேச்சு வருவது கஷ்டம்.

போன மாதம் ஓர் ஆச்சி, பேரனின் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"மொதல்ல திருச்செந்தூருக்குப் போயிட்டு வாரோம்."

"போயிட்டு வாங்க. ஆனா மூணு மாசத்துக்குள்ள பெரா எடுத்துரணும் ஆச்சி."

"முருகன் நாள்க்கணக்கெல்லாம் கேக்க மாட்டான் தம்பி."

"அவன் கேக்க மாட்டான். இன்சூரன்ஸ்காரன் கேப்பான்."