நிலாவுக்குக் காத்து வைக்கப் போற பேரனுக்கு

ஏங்கண்ணு, நிலாவுக்குக் காத்து வைக்கறேன்னு ராத்திரியெல்லாம் கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டுட்டு இருக்கறயாமா? உங்கம்மா வெசனப்படறா. விடு சாமி, ஊர்ல நாலு பேரு ரியல் எஸ்டேட் பண்றாங்க, நம்ம பையன் கொஞ்சம் ஒசரத்துல பண்றான்னு நாந்தான் சமாதானம் சொன்னேன்.

மூணாங்கிளாஸ் தாண்டாத கெழவன் நான். ஆனாலும் கல்லைப் பத்தின்னா ரெண்டு வார்த்தை பேசுவேன். நம்ம சித்தம்பூண்டிப் பக்கம் கெடக்கற வெள்ளக்கல்லை அரைச்சுத்தான், நிலா மண்ணுன்னு பெங்களூருல கொட்டி, இஸ்ரோக்காரங்க சந்திரயான் லேண்டரையும் ரோவரையும் பழக்கினாங்க. அனார்த்தோசைட்டுன்னு பேரு. நிலாவுல வெளுப்பாத் தெரியற மேட்டு நெலத்துலயும் இந்தக் கல்லுதான் ஏகமாக் கெடக்குது. நூறு கிலோ கல்லுல 45 கிலோ ஆக்சிஜன்! அதனால நிலாவுல ஆக்சிஜன் இல்லேன்னு எவனாச்சும் சொன்னா நம்பாத. சிலிக்கானும் அலுமினியமும் அதக் கட்டிப் புடிச்சுட்டு விடமாட்டேங்குது, அவ்வளவுதான். அதையும் பிரிச்சுக் காட்டிட்டாங்க. ஐரோப்பாக்காரங்க 2020-ல நெதர்லாந்துல சின்னதா ஒரு ஆலை வெச்சு, கால்சியம் குளோரைடு உப்பை 950 டிகிரிக்கு உருக்கி, நிலா மண்ணு மாதிரிப் பொடியைப் போட்டுக் கரண்டு விட்டாங்க. ஆக்சிஜன் கழண்டு வருது, உலோகம் மிஞ்சுது.

அப்புறமென்ன, ஆரம்பிச்சுரு. அதுக்கு முந்தி ஒரு கணக்கு. இங்க ஒவ்வொரு சதுர மீட்டர் மேலயும் 10 டன் காத்து நிக்குது. ஆக்சிஜன் அதுல அஞ்சுல ஒரு பங்குதான். நீ சிக்கனக்காரன், நைட்ரஜன் வேண்டாம்னு ஆக்சிஜனை மட்டுமே வெச்சாலும், நிலாவுல சதுர மீட்டருக்கு 12 டன்னுக்கு மேல அடுக்கணும். அங்க இழுப்பு ஆறுல ஒண்ணுதானே, அதே அழுத்தம் வேணும்னா ஆறு மடங்கு சரக்கு வேணும். அதுக்கு நிலா பூராவும், ஒரு மூலை விடாம, 10 மீட்டர் ஆழத்துக்குப் பாறையை வெட்டி உருக்கணும். மொத்தம் 3.8 கோடி சதுர கிலோமீட்டர். நம்ம நாட்டைப் போலப் பதினோரு மடங்கு. திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரங்ககிட்ட நான் சொல்லி வெக்கறேன். அடிக்கு எவ்வளவுன்னு ரேட்டை மட்டும் நீ பேசிக்க.

வெட்டறதுக்குப் பதிலா வால்நட்சத்திரத்தைத் திருப்பி மோத விடலாம்னு சொல்றவங்களும் இருக்கறாங்க. பனிக்கட்டிதானே, ஒடைஞ்சா ஆவியாயிரும். நல்ல யோசனை. ஹாலி வால்நட்சத்திரம் சுமாரா 22,000 கோடி டன். அது மாதிரி ரெண்டாயிரத்துக்கு மேல வேணும். 1986-ல தலை காட்டிட்டுப் போன அந்த ஒரே ஒறம்பரை மறுக்கா 2061-லதான் வருது. ரெண்டாயிரம் பேருக்கு நீ எப்பப் பத்திரிகை வெப்ப?

அமெரிக்காவுல ரிச்சர்டு வோண்ட்ராக்னு ஒருத்தர் 1974-லயே 'நேச்சர்' பத்திரிகையில இந்தச் செயற்கைக் காத்தைப் பத்தி எழுதிட்டார். பாறைக்கு அடியில அணுகுண்டு வெடிச்சு ஆக்சிஜனைக் கறக்கற யோசனையும் அவருகிட்ட உண்டு. இத உங்கம்மாகிட்டச் சொல்லிராத.

வெச்ச காத்து நிக்காது, ஓடிரும்னு உன்ற சேக்காளிங்க கேலி பண்ணுவாங்க. பாதிதான் நெசம். காத்தை ஆட்டுப்பட்டின்னு வெச்சுக்க. பூமியோட வேலியைத் தாண்ட நொடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் வேணும், நிலாவுல 2.4 போதும். பகல்ல 120 டிகிரி வெயில் வேற, ஆட்டுக்குத் துள்ளல் புடிச்சுக்கும். ஆனாலும் பட்டி ஒரே ராத்திரியில காலியாகாது. பெருசாச் சேத்துப்போட்டா, தீர ஆயிரக்கணக்கான வருஷமாச்சும் ஆகும். 350 கோடி வருஷத்துக்கு முந்தி எரிமலை கக்கின வாயுவால நிலாவுக்கு மெல்லிசாக் காத்து இருந்துச்சு, அது தீர 7 கோடி வருஷம் ஆச்சுன்னு 2017-ல ஒரு கணக்கே வந்துச்சு.

அதனால காத்து ஓடிருமேன்னு எனக்கு வெசனமில்ல கண்ணு, நின்னுபோட்டா என்ன பண்றதுன்னுதான் வெசனம். சந்திரயான்-2 ஆர்பிட்டர் அங்க 100 கிலோமீட்டர் ஒசரத்துல சுத்துது. காத்து இல்லாததாலதான் அவ்வளவு தணிஞ்சு போக முடியுது. இழுப்பு கம்மிங்கறதால உன்ற காத்து இங்கத்ததைவிடப் பல மடங்கு ஒசரத்துக்கு எழும்பி நிக்கும். ஆர்பிட்டர் விழுந்துரும். அப்புறம் தூசி. காத்தோ தண்ணியோ ஒரசி மழுக்காத தூசி, ஒவ்வொரு துணுக்கும் கண்ணாடிச் சில்லு. 1972-ல அப்போலோ 17-ல போன ஹாரிசன் ஷ்மிட், வெளிய சுத்திட்டுக் கலத்துக்குள்ள வந்ததும் அந்தத் தூசியில மூக்கடைச்சுக் கெடந்தாரு. சும்மா கெடக்கறப்பவே அப்படி. நீ காத்தடிக்க விட்டு அதக் கெளப்பப் போற. தென்துருவத்துப் பள்ளங்கள்ல வெயிலே படாத பனிக்கட்டி கெடக்குதே, அந்தத் தண்ணியை நம்பித்தான் எல்லா நாடும் அங்க ஓடுது. உன்ற காத்து சூட்டைக் கொண்டுபோய் அதையும் எழுப்பி விட்டுரும்.

அதனால கெழவன் சொல்றத ஒண்ணு கேளு. நிலாவுக்குக் காத்து வைக்காத, நிலாவுல ஒரு ரூமுக்கு வை. அமைதிக்கடல்ல 100 மீட்டர் அகலத்துல ஒரு குழி இருக்குது. ஜப்பானோட ககுயா விண்கலம் கண்டு சொன்னது. அதுக்கடியில குகை போகுதுன்னு 2024-ல ரேடார் தகவலை அலசி இத்தாலிக்காரங்க சொன்னாங்க. உள்ள நெழல்ல எப்பவும் 17 டிகிரி வாக்குல இருக்குமாம். கொடைக்கானல் செலவு மிச்சம். கூரை தயாரா இருக்குது. பக்கத்தை அடைச்சு, கல்லுல கறந்த ஆக்சிஜனை அளவா விட்டா, வெட்டற பாறையும் கம்மி, வெளிய எதுவும் கெடாது.

ரெண்டு கதவு வெக்கணும். ஒண்ணு சாத்தினப்புறந்தான் இன்னொண்ணு தொறக்கணும். மறந்தா மொத்தக் காத்தும் போச்சு. அங்கதான் எனக்கு இடிக்குது. நடுராத்திரியில தண்ணி குடிக்க எந்திரிச்சு வந்து, ஃபிரிட்ஜ் கதவை ஆன்னு தொறந்து போட்டுட்டுப் போறவன் நீ. போ, மொதல்ல அத ஒரு மாசம் சாத்திப் பழகு.