வண்டிக்குத் தீனி எங்கேருந்து?

புதுக்கோட்டைச் சீமையின் வரலாற்றைத் தொண்டைமான்கள், குகைக் கோயில்கள், அம்மன் காசு என்று பலரும் எழுதிவிட்டார்கள். திண்ணையில் உட்கார்ந்தபடியே போகிற வருகிற வண்டியையெல்லாம் விசாரித்து அனுப்பிய ஒரு பெரியவரைப் பற்றி மட்டும் எவரும் எழுதவில்லை. அவருக்குப் பெயரும் கிடையாது, சாவும் கிடையாது. தலைமுறைக்கு ஒருமுறை துண்டை மாற்றிக்கொண்டு வந்து உட்காருவார். கேட்பது ஒரே கேள்வி: "ஏம்ப்பா, இதுக்குத் தீனி எங்கேருந்து வருது?"

மாட்டுவண்டிக் காலத்தில் அவருக்கு வேலையே இல்லை. வைக்கோல் போர் கண்ணெதிரே நின்றது. வண்டி போன பிறகு சாலையில் கிடந்ததைப் பெண்கள் கூடையோடு வந்து அள்ளிப்போய் வறட்டி தட்டினார்கள். வாகனக் கழிவுக்கு ஜனங்கள் போட்டி போட்டுக்கொண்ட காலம் அது ஒன்றுதான்.

1912-ல் வந்தது வினை. டி.வி. சுந்தரம் ஐயங்கார் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் பஸ் விட்டார். பெரியவர் முன்னும் பின்னும் குனிந்து பார்த்தார்.

"மாட்டை எங்கப்பா காணோம்?"

"மாடு இல்லீங்கய்யா. பெட்ரோல்."

"அது எங்கே விளையுது?"

டிரைவருக்குத் தெரியவில்லை. அதற்குப் பின் வந்த எந்த டிரைவருக்கும் தெரியவில்லை. வேலை போன மாடுகளும் சும்மா இருக்கவில்லை. லாட ஆணியைச் சாலையெங்கும் உதிர்த்து டயர்களைப் பழிவாங்கின. காந்தம் கட்டிய வண்டியை முன்னால் அனுப்பி ஐயங்கார் ஆணி பொறுக்கினார் என்று ஒரு கதை உண்டு.

அதே வருஷம் அமெரிக்காவில் இன்னொரு கூத்து. அதுவரை பேட்டரி கார் ஒன்றும் சோப்ளாங்கி இல்லை. 1899-லேயே காமில் ஜெனாட்ஸி என்ற பெல்ஜியக்காரர் பேட்டரி வண்டியில் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தார். ஒரு கார் அந்த வேகத்தைத் தொட்டது அதுவே முதல் முறை. பெட்ரோல் காரையோ முன்னால் நின்று கம்பியால் சுற்றிக் கிளப்ப வேண்டும். எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு போகும். சார்லஸ் கெட்டரிங் அதில் ஒரு பேட்டரியையும் குட்டி மோட்டாரையும் மாட்டினார். 1912 காடிலாக் காரில் 'செல்ஃப் ஸ்டார்ட்' வந்தது. பேட்டரி காருக்குச் சங்கு ஊதியது பேட்டரிதான். ஊருக்கெல்லாம் பெட்ரோல் கார் விற்ற ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா மட்டும் டெட்ராய்ட் எலக்ட்ரிக் காரையே ஓட்டிக்கொண்டிருந்தார். வெளியில் எடுபடுகிற பேச்சு வீட்டுக்குள் எடுபடாதது நம் தலைவர்களுக்கு மட்டும் வந்த சோதனை அல்ல.

பிறகு ஹிட்லர் புண்ணியத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. ஐயங்காரின் டி.வி.எஸ். நிறுவனம் அசரவில்லை. மரக்கரியைப் புழுங்கவிட்டு, அதில் வரும் வாயுவால் இன்ஜினை ஓட்டும் 'கேஸ் பிளான்ட்' செய்து விற்றது. பஸ்ஸின் முதுகில் பெரிய உருளை, அதற்குள் கரி. கிளீனர் காற்றூதிச் சக்கரத்தைக் கை ஓயச் சுற்றிக் கங்கு மூட்டிய பிறகுதான் வண்டி கிளம்ப மனசு வைக்கும். மேடு வந்தால் டிக்கெட் வாங்கியவர் இறங்கித் தள்ள வேண்டும். வெள்ளைச் சட்டையில் ஏறியவர், கட்சியில் சேராமலே கறுப்புச் சட்டைக்காரராக இறங்கினார். பெரியவருக்கோ பரம திருப்தி. தீனி பக்கத்துக் காட்டிலிருந்து வந்தது. இந்தச் சீமைச் சாலைகளில் முழுக்க முழுக்கக் கரியிலேயே ஓடிய வண்டி அதுதான். ஒருவரும் அதன் புகையைக் குறை சொல்லவில்லை. நேரத்துக்கு வரவில்லை என்றுதான் திட்டினார்கள்.

1980-ல் டி.வி.எஸ். பிஃப்டி வந்தது. இரண்டு பேருக்கென்று செய்த மொபெட்டில் நான்கு பேர், ஒரு பால் கேன், ஒரு பலாப்பழம் என்று நம்மவர்கள் இன்ஜினீயர்களுக்கே பாடம் எடுத்தார்கள். "தீனி?" என்றார் பெரியவர். "அரபு நாட்டுலேருந்து வருதுங்கய்யா." அந்த அரபு நாட்டில் வெயிலில் வேலை பார்த்தவன் அவருடைய பேரன். அவன் அனுப்பிய பணத்தில்தான் மொபெட் வாங்கினார்கள், அதற்குப் பெட்ரோலும் போட்டார்கள். பணம் வந்த வழியே திரும்பிப் போனது. பேரன் மட்டும் திரும்பவில்லை.

1991-92-ல் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் நடந்தபோது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் பெண்களைச் சைக்கிள் ஓட்டச் சொன்னார். ஆயிரக்கணக்கில் கிளம்பிவிட்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளில் ஏறினார்கள். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று ஒரு லாபமும் கண்டுபிடித்தார்கள். புகை இல்லை, கரி இல்லை, இறக்குமதி இல்லை. காலையில் குடித்த கஞ்சிதான் தீனி. இந்த ஒரு வண்டியிடம் மட்டும் பெரியவர் கேள்வியை மாற்றினார்: "எங்கே கிளம்பிட்டீங்க?" பதில் சொல்ல யாரும் நிற்கவில்லை.

2017 பிப்ரவரியில், 1912-ல் அவர் கேட்ட கேள்விக்கு 105 வருஷம் கழித்துப் பதில் வந்தது. எங்கே விளையுது? உங்க நெடுவாசல்லதான், உங்க நிலத்துக்குக் கீழே.

அங்கே ஹைட்ரோகார்பன், அதாவது எண்ணெயும் எரிவாயுவும், எடுக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த மறுநாளே ஊர் கூடிவிட்டது. நாடியம்மன் கோயில் திடலில் பந்தல். மேலே தென்னை, வாழை, பலா, பூ, கீழே எண்ணெய். மேலே இருப்பதே போதும் என்றார்கள் ஜனங்கள். முதல் கட்டம் 22 நாள். பிறகு ஏப்ரலில் மறுபடி தொடங்கி 174 நாள். ஒப்பாரி வைத்தார்கள், பிச்சை எடுத்தார்கள், தினம் ஒரு கோலத்தில் உட்கார்ந்தார்கள். அப்போது வெளியூர் மேதாவிகள் கேட்டார்கள்: "போராட வர்றவன் எல்லாம் பெட்ரோல் வண்டியிலதானே வர்றான்?" அதற்காக யாரும் எழுந்து போகவில்லை. 2020-ல் இந்த மாவட்டத்தின் சில ஒன்றியங்களும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்துக்குள் வந்தன.

நடுவில் 2018 நவம்பரில் கஜா புயல் மின்கம்பங்களைப் படுக்கவைத்துவிட்டுப் போனது. டீசல் ஜெனரேட்டர் தெருத்தெருவாக வந்து, காசு வாங்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டியை நிரப்பியது, போனுக்கு சார்ஜ் ஏற்றியது. பெட்ரோல் பங்கின் பம்பை ஓட்டுவதும் கரண்ட்தான் என்று பலருக்கு அன்றுதான் உறைத்தது.

2020-ல் அதே டி.வி.எஸ். பெயரோடு ஐ-க்யூப் வந்தது, கரண்ட் ஸ்கூட்டர். பேத்தி வாங்கி வந்து வாசலில் நிறுத்தினாள். பெரியவர் இப்போது வாட்ஸ்அப்பில் இருக்கிறார். "கரண்ட் வண்டி ஓட்டறவன் எல்லாம் நிலக்கரியிலதானே ஓட்டறான்?" என்று வந்த செய்தியை எல்லாக் குழுவுக்கும் தள்ளிவிட்டுத்தான் நிமிர்ந்தார். அந்தப் போனுக்குத் தீனி எங்கேருந்து என்று பேத்தி கேட்கவில்லை. மரியாதை தெரிந்த பிள்ளை. கணக்குப் போட்டாள்.

"ஒரு யூனிட்டுல 25, 30 கிலோமீட்டர் போகுதுங்கய்யா. நிலக்கரியையும் சேர்த்துத்தான் சொல்றேன், நம்ம நாட்டு கரண்ட் யூனிட்டுக்கு 700 கிராம் மாதிரி கரியமில வாயு விடுது. கிலோமீட்டருக்கு 30 கிராம்னு வைங்க. பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ. 50 கிலோமீட்டர் கொடுத்தாலும் கிலோமீட்டருக்கு 46."

"பேட்டரி செய்யறப்ப?"

"அது கடன்தான். ஓட்டி ஓட்டித்தான் அடைக்கணும்."

"ராத்திரி சார்ஜ் போடறியே, ராத்திரியில சூரியன் ஏது?"

பேத்திக்கு நா எழவில்லை. பெரியவர் சும்மா பெரியவர் ஆகவில்லை. பகலில் போட்டால் கமுதி வெயில், ஆடியில் போட்டால் முப்பந்தல் காற்று, ராத்திரியில் போட்டால் நெய்வேலிக் கரி. அந்த நெய்வேலியில்தான் 2023-ல், வளையமாதேவியில், பயிர் நின்ற வயலுக்குள் சுரங்கத்துக்காக இயந்திரம் இறங்கியது. நம்ம ஊர்க் கொல்லைக்குப் பந்தல் போட்டவர்கள் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா சேனல் மாற்றினால் நியாயம் இல்லை. கரண்டுக்கும் யாரோ ஒருவர் வீட்டுக் கொல்லை உண்டு.

ஆனால் ஒரு வித்தியாசம். பெட்ரோல் வண்டி சாகிறவரை பெட்ரோலைத்தான் குடிக்கும். கரண்ட் வண்டி, ஈ.பி.காரர் கரியை விட்டுக் காற்றுக்கு மாறினால், வாசலில் நின்றபடியே தானும் மாறிவிடும். அதனால் பெரியவர் கேட்ட கேள்வியில் தப்பே இல்லை. புதிதாக வந்த வண்டியிடம் மட்டும் கேட்பதுதான் தப்பு. நெடுவாசல்காரர்களை உட்கார வைக்கவும் அதே வாக்கியம், பேத்தியை உட்கார வைக்கவும் அதே வாக்கியம் என்றால், அது கேள்வி இல்லை, வாய்ப்பூட்டு.

"அப்ப நான் கேட்டது சரிதானே?" என்றார் பெரியவர்.

"சரிதாங்கய்யா. அப்படியே பெட்ரோல் பங்க்லயும் ஒருக்கா கேட்டுட்டு வந்துடுங்க."

"அங்கேயா? நின்னு கேட்டா, பின்னால நிக்கிறவன் ஹாரன் அடிப்பாம்மா."