மாளிகையும் மூக்குக்கண்ணாடியும்

வாசகர், பாடி.

கேள்வி: முதல் உலக யுத்தத்தில் மாண்ட 3,225 சகோதரர்களின் நினைவாக ஃப்ரீமேசன்கள் லண்டனில் மாளிகையே எழுப்பினார்களாமே, சீமையில் குடியேறி, சீமைப் பட்டாளத்தில் உயிர்நீத்த நம்மவருக்கு மிஞ்சியது என்ன?

பதில்: மூக்குக்கண்ணாடி ஒன்று! பிரெஞ்சு ஆட்சியிலிருந்த சந்தர்நாகூரில் பிறந்து, இங்கிலாந்து சென்று, லீட்ஸ் சர்வகலாசாலையில் 1913-இல் எஞ்சினீயர் பட்டம் பெற்று, அந்நகரத்து மின்சார நிலையத்திலேயே உத்தியோகமும் வகித்த ஜோகேந்திரநாத் சென், 1914-இல் யுத்தம் மூண்டதும் லீட்ஸ் வாலிபர்களோடு வாலிபராகப் பட்டாளத்தில் சேர்ந்து, இத்தனை படித்திருந்தும் கடைசிவரை சாதாரணச் சிப்பாயாகவே ஊழியம் புரிந்து, 1916 மே 22 அன்று இரவு பிரான்சில் வீரமரணம் எய்தினார். பட்டம் கொடுத்த தேசம் பதவி கொடுக்கத் தயங்கியது. அவரோ உயிரைக் கொடுக்கத் தயங்கவில்லை. ரத்தக்கறை படிந்து உடைந்த அவருடைய கண்ணாடி சந்தர்நாகூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வங்காளம் போகிறவர்கள் அவசியம் தரிசித்து வாருங்கள்.