அளவெடுக்கப்படாதவர்கள்

எங்கள் ஊர் பேரிகையில் பனி என்றால் மார்கழிக் காலையில் ரோஜாத் தோட்டத்தில் இறங்குவது. முதல் டிப்பர் லாரி தாண்டியதும் அதுவும் புழுதி. எனவே ‘ஸ்கி ஜம்பிங்’ என்ன என்பதை நமக்கு யாராவது சொன்னால்தான் உண்டு.

காலில் நீளமான இரண்டு பலகைகள். பனிச்சரிவில் மணிக்குச் சுமார் 90 கிலோமீட்டர் வேகத்தில் சறுக்கி, விளிம்பில் எழும்பி, நூறு மீட்டருக்கு மேல் பறந்து, ஒரு காலை முன்வைத்து இறங்க வேண்டும். ஐந்து நடுவர்கள். ஆளுக்கு 20 மதிப்பெண். மிக அதிகமானதையும் மிகக் குறைந்ததையும் தள்ளிவிடுவார்கள். நடுவர் சொந்த மாமாவாக இருந்தாலும் பிரயோசனமில்லை. எதிர்க்காற்று தூக்கிவிட்டதா? மதிப்பெண்ணைக் கழி. ஆள் எடை குறைவா? பலகையின் நீளத்தைக் குறை. 2025-ல் டிரான்ட்ஹைம் உலகப் போட்டியில் உடையின் தையலில் தில்லுமுல்லு செய்து மாட்டியது சொந்த மண்ணில் ஆடிய நார்வே அணி. வெள்ளிப் பதக்கம் போனது. பயிற்சியாளரைச் சொந்தச் சங்கமே இடைநீக்கம் செய்தது.

சொந்தச் சங்கமே! இன்னொரு முறை படித்துக்கொள்ளுங்கள்.

ஒலிம்பிக்கில் இந்தியர் எவரும் இப்படிப் பறந்ததில்லை. சறுக்கியவர் உண்டு. மணாலிப் பக்கத்து சிவ கேசவன், ‘லூஜ்’ என்னும் சறுக்குவண்டி வீரர், ஆறு ஒலிம்பிக் கண்டவர். பயிற்சிக்குப் பனிப்பாதை கிடையாது. சறுக்குவண்டிக்குச் சக்கரம் பூட்டி, மலைச்சாலையில் லாரிகளுக்கு நடுவே மல்லாந்து பாய்ந்தார். செலவுக்கு ஊரெல்லாம் கையேந்தினார்.

டெல்லியில் ஐயாக்களுக்கு வேறு கவலை. 2012 டிசம்பரில், தேர்தல் முறைகேட்டுக்காக இந்திய ஒலிம்பிக் சங்கத்தைச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி தள்ளிவைத்தது. குற்றப்பத்திரிகையில் பெயர் உள்ளவர் தேர்தலில் நிற்கக் கூடாது என்றது. நம்மவர்கள் பேரம் பேசினார்கள்: இரண்டாண்டுக்கு மேல் சிறைத்தண்டனை பெற்றவர் மட்டும் நிற்காதிருந்தால் போதாதா? வீரனின் உடையில் ஒரு தையல் கூடாது. தலைவருக்கு இரண்டாண்டுச் சிறை வரை சலுகை! தீப்பெட்டிக்கும் வரி கட்டுகிறவன் இதைக் கேட்டுச் சிரிப்பதா, கல்லை எடுப்பதா?

ஓராண்டு இழுத்தடித்து வழிக்கு வந்தார்கள். தேர்தலுக்கு நாளும் குறித்தார்கள்: 2014 பிப்ரவரி 9. சோச்சி ஒலிம்பிக் தொடங்கியது பிப்ரவரி 7. இரண்டு நாள் முன்னால் வைத்திருந்தால் எந்தக் குடி முழுகியிருக்கும்?

தொடக்க விழாவில் மூன்று இந்தியர்கள் தேசியக் கொடி இல்லாமல் நடந்தார்கள். 8, 9 தேதிகளில் கேசவன் நாடற்றவர்போலச் சறுக்கி முடித்தார். 9-ல் டெல்லியில் புதுத் தலைவருக்கு மாலை. 11-ல் தடை நீங்கியது, கொடி கிடைத்தது. கேசவன் வண்டியை மூட்டைகட்டி இரண்டு நாள் ஆகியிருந்தது.