மேக்ரோ லென்ஸ் விசாரணை: கண்ணாடிக்கு இப்பால் நிற்போருக்கு

வீட்டு உப்புநீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்போரிடையே தீராத வழக்குகள் இரண்டு. ஒன்று, தண்ணீரில் கால்சியம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது. அதைப் பிறர் ஆராய்க. மற்றது, அந்தப் பவளத்தைக் கிட்டத்தில் படமெடுக்க 60 மி.மீ. மேக்ரோ லென்ஸா, 100-ஆ, 180-ஆ என்பது. இதனால் குடும்பங்கள் பிரிந்ததாகத் தகவல் இல்லை. சேமிப்புகள் கரைந்ததுண்டு.

முதலில் இலக்கணம். ஒரு செ.மீ. பவளம் சென்சார் மீதும் ஒரு செ.மீ. அளவிலேயே விழுமானால் அது 1:1. அதைச் செய்வதே மேக்ரோ லென்ஸ். அக்ரோபோரா என்னும் கிளைப்பவளத்தில் பாலிப் எனப்படும் தனி உயிர் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். 36 மி.மீ. அகலமுள்ள சென்சாரில் 1:1-இலும் அது ஒரு மூலையில் அடங்கிவிடும். இந்நிலையில், உடம்பில் ‘மேக்ரோ’ என்று எழுதிக்கொண்டு 1:3, 1:4-உடன் நின்றுவிடும் ஜூம் லென்ஸ்களை இவ்வாராய்ச்சி வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது.

இனி பூர்வபட்சம். 60 மி.மீ. கட்சியார் கேட்பது: “மூன்றுமே 1:1 தரும் என்றால், விலை குறைந்ததை விட்டுக் கூடியதை ஏன் வாங்க வேண்டும்?” நியாயமான கேள்விதான். தொட்டி என்ற ஒன்று இல்லாத உலகில் அதற்கு மறுப்பே கிடையாது.

மறுப்பு இது. கேனனின் 100 மி.மீ. மேக்ரோ 30 செ.மீ. வரை கிட்டத்தில் குவியும் என்கிறார்கள். அந்த 30 அளக்கப்படுவது சென்சாரிலிருந்து. லென்ஸின் முனையிலிருந்து அன்று. கேமராவும் லென்ஸும் தின்றது போக எஞ்சுவது ஏறக்குறைய 13, 14 செ.மீ. 60 மி.மீ.க்கு எஞ்சுவது 9 சொச்சம். பவளமோ நம் வசதிக்காகக் கண்ணாடியோரம் வந்து உட்காருவதில்லை. விளக்கொளி நன்றாக விழும் நடுப்பாறையில்தான் அதற்கு வாசம்.

இங்கே தண்ணீர் ஓர் உபகாரம் செய்கிறது. அதன் ஒளிவிலகல் எண் 1.33 என்பதால், கண்ணாடிக்குப் பின்னால் 20 செ.மீ. உள்ளே இருப்பது 15 செ.மீ.யில் இருப்பதுபோல் தெரியும். ஆகவே லென்ஸின் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டினால் 100 மி.மீ. சுமார் 18 செ.மீ. ஆழம் வரை 1:1 காட்டும், 60 மி.மீ. 12-ஓடு களைத்துவிடும். அந்தப் பன்னிரண்டு செ.மீ.க்குள் பெரும்பாலான தொட்டிகளில் இருப்பது மணலும் ஒரு நத்தையும். 180 மி.மீ. இன்னும் உள்ளே போகும். ஆனால் எடை ஏறக்குறைய ஒரு கிலோ, சில அதற்கும் மேல். இடையில் தண்ணீர் கூடக்கூட அதில் மிதக்கும் தூசும் கூடும்.

மூக்கை ஒட்டுவதிலும் முறை உண்டு. நேராக, செங்குத்தாக. சாய்த்தால் ஒளி சாய்வாக விலகி விளிம்புகளில் நிறம் பிரியும். வளைந்த முகப்புத் தொட்டியை அழகென்று வாங்கியவர்களுக்கு நம் சாத்திரத்தில் பரிகாரம் இல்லை.

வரலாற்றுக் குறிப்பு ஒன்று. 1956-இல் நிக்கான் தன் முதல் மைக்ரோ-நிக்கார் லென்ஸைச் செய்தது ஜப்பானிய எழுத்துகள் நிறைந்த ஆவணங்களை மைக்ரோஃபிலிமில் பிடிக்க. அதாவது, தட்டையான தாளுக்கென்று பிறந்த குலம் இது. மேடும் பள்ளமுமான பவளத்தை அதன் முன் வைத்தால் குழம்பத்தான் செய்யும். 1:1-இல் லென்ஸின் துளையை f/8-இல் வைத்தால் கூர்மையாக விழும் ஆழம் சுமார் ஒரு மில்லிமீட்டர். பாலிப்பின் உதடு தெளியும்போது வாய் மங்கும். வாய் தெளியும்போது உதடு போய்விடும். துளையைச் சுருக்கி f/22-க்கு ஓடினால் ஒளியின் விளிம்பு விளைவால் மொத்தமும் மழுங்கும். எனவே f/2.8 என்ற பெருமைக்குக் கூடுதலாகக் காசு கொடுப்பதை இக்கட்டுரை ஆதரிக்கவில்லை. அந்த f/2.8-உம் 1:1-க்கு வரும்போது, வெளிச்சக் கணக்கில், f/5.6 ஆகியிருக்கும்.

தொட்டி நீரைச் சுழற்றும் அலைமோட்டாரை நிறுத்தாமல் எடுத்த படம் படமன்று. நிறுத்தினாலோ வேறொரு தொல்லை. பல வீடுகளில் மோட்டார் நின்றால் சாப்பாடு என்று மீன்கள் கற்றிருக்கின்றன. பாலிப் மெல்ல விரிந்து, பச்சை நுனிகள் ஒவ்வொன்றாகத் தெளிந்து, விரல் ஷட்டரில் அழுந்தும் கணத்தில் ஒரு கோமாளிமீனின் திறந்த வாய் சட்டம் முழுவதையும் அடைத்துக்கொள்ளும். இதற்குத் தீர்வு தரும் லென்ஸை எந்த நிறுவனமும் இன்னும் செய்யவில்லை.

கடைசித் தத்துவம் நீலம். தொட்டி விளக்குகள் 450 நானோமீட்டர் அளவில் நீலத்தைக் கொட்ட, பவளத்திலுள்ள புரதங்கள் அதை உண்டு பச்சையாகவும் சிவப்பாகவும் உமிழ்கின்றன. 1999-இல் விஞ்ஞானிகள் அறிவித்த புகழ்பெற்ற சிவப்பு ஒளிர்புரதம், தொட்டிக்காரர்கள் காளான் பவளம் என்று வளர்க்கும் டிஸ்கோசோமாவிலிருந்து வந்ததே. கண் இதை ரசிக்கும். கேமராவின் தானியங்கி வெள்ளைச் சமநிலையோ எல்லாவற்றையும் ஊதா மையில் முக்கி எடுக்கும். லென்ஸ் விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கும் ஆரஞ்சு வடிகட்டி ஒன்றே மருந்து. அதைப் பற்றி யாரும் சண்டையிடுவதில்லை, விலை குறைவு என்பதால்.

தீர்ப்பு: 90 முதல் 105 மி.மீ.க்குள் ஏதேனும் ஒன்று, பழையதானாலும் சரி, 1:1 தருவதாக இருந்தால் போதும். தானியங்கிக் குவியம் தேவையில்லை. பாலிப்பைத் தேடி அது முன்னும் பின்னும் அலைவதைக் கேட்டுக்கொண்டிருக்கப் பொறுமை வேண்டும். மிஞ்சிய காசில் முக்காலி.

தமிழ்நாட்டு வாசகர்க்கு ஒரு விண்ணப்பம். இந்தியாவில் கடினப் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டைக்கூடத் தொட்டிக்குக் கொண்டுவராதீர்கள். லென்ஸை வாங்கிவிட்டவர்கள் கொல்லைப்புற எறும்பை எடுக்கலாம். அதற்கு அனுமதி வேண்டாம், மோட்டாரை நிறுத்தவும் வேண்டாம்.